குணமடைந்தோர் யார்?

கொரோனா என்னும் கொள்ளைநோய் நமது தேசத்தைப் பீடித்திருந்த 2020, 2021-ஆம் வருஷங்களில் சுகாதார இலாகா நாள்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக நோய் கண்டோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர், குணமடைந்து வீடு திரும்பினோர் இத்தனை பேர் என்று கணக்கு வரும். 2021 மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்ட செய்தியும் அவ்வாறே வந்தது. சர்க்கார் கணக்கின்படி நம் மாகாணத்தில் நோய் கண்டவர் மொத்தம் சுமார் 36 லட்சம் பேர். மாண்டவர் சுமார் 38,000 பேர். ஏனையோர் அனைவரும் குணமடைந்தோர் என்ற தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டனர். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச நெருக்கடி நிலை முடிந்ததென்று அறிவித்தது. கணக்கும் முடிந்தது, ஜனங்களும் மறந்தனர்.

குணமடைந்தோர் என்ற அந்தத் தலைப்பைப் பற்றியே நாம் இன்று பேச விரும்புகிறோம். நான்கு நாள் ஜுரம் கண்டு வீட்டிலேயே எழுந்து நடமாடியவர்களில் பெரும்பாலோருக்கு அது பொருந்தும். ஆனால், மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயுடன் பத்து நாள், இருபது நாள் கிடந்து, எமன் வாய்வரை சென்று மீண்டவர்களையும் அதே தலைப்பில் எழுதியது சரியா? அவர்கள் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தார்கள் என்பது உண்மை. குணமடைந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் எங்கே?

நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் ஒரு பேதத்தை நன்கு அறிவார்கள். கிரிமினல் வழக்கில் ஒருவரை ‘டிஸ்சார்ஜ்’ செய்வது வேறு. விசாரணை முடிந்து குற்றமற்றவர் எனத் தீர்ப்புக் கூறி விடுதலை செய்வது வேறு. விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவர்மீதோ, புதிய சாட்சியம் கிடைத்தால் வழக்கு மீண்டும் எழலாம். ஆஸ்பத்திரிக்காரர்களும் டிஸ்சார்ஜ் என்ற அதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். அதன் பொருளும் ஏறக்குறைய அதுவே. ‘இனி இவரைக் கட்டிலில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை’ என்பதற்குமேல் அச்சீட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாமோ அதனைப் பூரண விடுதலையென்று படித்துவிட்டோம்.

இதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள் என்பதைக் கந்தர்வக்கோட்டை போன்ற ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது அவ்வூர். சுற்றிலும் செம்மண் பூமி. மழையை நம்பி நிலக்கடலை விதைப்பவர்களும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறவர்களும், தைலமரம் வெட்டுகிறவர்களும், சுமை தூக்குகிறவர்களுமாக உடல் உழைப்பினாலேயே ஜீவிப்பவர்கள் மிகுதி. கடும் வியாதி வந்தால் வடக்கே தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, தெற்கே 2017-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும். இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே இருப்பது ஒரு பாக்கியந்தான். எனினும், உயிர் பிழைத்து ஊர் திரும்பியவருக்கு அவ்விரண்டும் மீண்டும் பஸ் ஏறிச் செல்லவேண்டிய தூரத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

அவ்வட்டாரத்துக் கூலி உழவர் ஒருவரின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயது. நோய்க்கு முன்பு விடியற்காலையில் மண்வெட்டி பிடித்தால் மத்தியானம் வரை இடுப்பு நிமிராமல் வேலை செய்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியும் பத்து வெட்டு வெட்டினால் மூச்சு வாங்குகிறது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கால் நடுங்குகிறது. இராத்திரியில் தூக்கம் இல்லை. யாரிடம் என்ன சொன்னோம் என்பது மறந்துபோகிறது. வெளிக்குப் பார்த்தால் காயம் ஒன்றும் இல்லை. சீட்டிலே ‘நலம்’ என்று எழுதியிருக்கிறது. ஆகையால் மேஸ்திரி அவரை வேலைக்கு அழைப்பதில்லை. வீட்டார் முதலில் இரக்கப்பட்டு, பிறகு சலித்துக்கொள்கிறார்கள். ஊரார் சோம்பேறி என்கிறார்கள். நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்குகிறார். கை கால் முடமானவனுக்குக் கிடைக்கும் அனுதாபங்கூட மூச்சு முடமானவனுக்குக் கிடைப்பதில்லை.

இது மனப்பிரமையன்று என்பதை வைத்திய சாஸ்திரம் ஐயமறக் கூறுகிறது. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களின் வழியாகவே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கடும் வைரஸ் ஜுரத்தில் இச்சுவர்கள் வீங்கிப் புண்படுகின்றன. புண் ஆறும்போது சிலருக்கு அவ்விடத்தில் தழும்பு கட்டிச் சுவர் தடித்துவிடுகிறது. தழும்பேறிய நுரையீரல் முன்போல் விரியாது. காற்று உள்ளே சென்றாலும் இரத்தத்தில் கலப்பது குறையும். சிலருக்கு நுரையீரலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படுவதும் உண்டு.

தீங்கு நுரையீரலோடு நிற்பதுமில்லை. வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பவரின் தசைகள் உருகிப்போகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும், ஞாபகக் குறைவும், திடுக்கிட்டு எழும் பயமும் பின்தொடர்வது வைத்தியர்கள் நெடுநாளாக அறிந்ததே. மருந்திலும் ஒரு சங்கடம் உண்டு. 2020 ஜூனில் இங்கிலாந்திலே நடந்த பெரிய பரிசோதனையொன்று, மலிவான டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிகளிடையே மரணத்தைக் குறைப்பதாக நிரூபித்தது. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றிற்று. ஆனால் அதே மருந்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் 2021-ஆம் வருஷத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கிய காரணங்களாகக் கூறப்பட்டன. அவ்வருஷம் மே மாதத்தில் தமிழக சர்க்கார் அதனை அறிவிக்கத்தக்க நோயாகப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. அந்நோயிலே கண்ணையும் தாடையெலும்பையும் இழந்தவர்களும் குணமடைந்தோர் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

இனிச் சாட்சியங்களைப் பார்ப்போம். முதல் சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், முதல் அலையில் கொரோனா கண்டு தேறிய 207 பேரின் நுரையீரலைக் கருவிகொண்டு சோதித்தார்கள். 2024-ஆம் வருஷத்தில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, நூற்றுக்கு 44 பேருக்குப் பிராணவாயு இரத்தத்தில் கலக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. 35 பேருக்கு நுரையீரல் விரியும் சக்தி குறைந்திருந்தது. 8 பேருக்கு மூச்சுக் குழலில் தடை காணப்பட்டது. ஐரோப்பியரையும் சீனரையும் பற்றிய ஆராய்ச்சிகளோடு ஒப்பிட்டால் நம்மவர்களின் சேதமே அதிகம் என்று அவ்வைத்தியர்கள் கண்டனர்.

இரண்டாவது சாட்சி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில். நாடெங்கும் 31 ஆஸ்பத்திரிகளிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன 14,419 கொரோனா நோயாளிகளை ஒரு வருஷம் வரை டெலிபோன் மூலம் விசாரித்து, 2023-ஆம் வருஷத்தில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அவ்வொரு வருஷத்துக்குள் 942 பேர், அதாவது நூற்றுக்கு ஆறரைப் பேர், மாண்டிருந்தனர். இம்மரணங்கள் அனைத்தையும் கொரோனாவின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. முதியோரும், வேறு வியாதிகள் உடையோரும், நோய் கடுமையாகக் கண்டோருமே இவர்களில் மிகுதி. எனினும், ‘குணமடைந்து வீடு திரும்பினார்’ என்று எழுதப்பட்டவர்களிலே பதினைந்து பேருக்கு ஒருவர் வீதம் ஒரு வருஷத்துக்குள் இறந்தாரென்றால், அவ்வெழுத்தின் மதிப்பு என்ன? நோய்க்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு டிஸ்சார்ஜுக்குப் பிந்திய மரண அபாயம் வெகுவாகக் குறைந்திருந்ததென்றும் அதே ஆராய்ச்சி கூறுகிறது.

பிற தேசங்களின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. நோய் முதலில் தோன்றிய சீனத்து ஊஹான் நகரில், ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்த 1,733 பேரை ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது நூற்றுக்கு 76 பேர் ஏதேனும் ஓர் உபாதை இருப்பதாகக் கூறினர். களைப்பும் தசைப் பலவீனமுமே அவற்றில் முதன்மையானவை. இரண்டு வருஷம் சென்ற பின்னும் நூற்றுக்கு 55 பேருக்கு உபாதை நீங்கவில்லை. பிரிட்டனில் நடந்த விசாரணையிலோ, ஆஸ்பத்திரியை விட்டு ஒரு வருஷம் ஆன பின்பு பூரணமாகத் தேறிவிட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 29 பேரே. பெண்களும், உடல் பருத்தவர்களும், செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டவர்களும் தேறுவது அரிதாயிருந்தது.

இது கொரோனா மட்டும் கொண்டுவந்த புதுமையென்று எண்ணுவோரும் உண்டு. அவ்வெண்ணம் தவறு. கொரோனாவுக்குப் பல வருஷங்களுக்கு முன்பே, 2003-இல், கானடா தேசத்து டொரான்டோ வைத்தியர்கள், நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து பிழைத்த 109 பேரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வெளிவரும்போது அவர்களது உடல் எடையில் நூற்றுக்கு 18 பங்கு குறைந்திருந்தது. ஒரு வருஷம் கழித்து, ஆறு நிமிஷத்தில் அவர்கள் நடந்த தூரம் எதிர்பார்க்கத்தக்கதில் மூன்றில் இரண்டு பங்கே. வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர். 2023 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று, சாதாரண இன்புளூயன்ஸாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கும் பதினெட்டு மாதம் வரை தீங்கு நீடிப்பதையும், முதல் ஒரு மாதத்தில் நேர்வதைவிட அதற்குப் பின்னர் நேரும் நஷ்டமே அதிகம் என்பதையும் காட்டிற்று. ஆகவே இது முடிந்துபோன ஒரு கொள்ளைநோயின் பழங்கதையன்று. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்புளூயன்ஸா கண்டு ஆஸ்பத்திரி செல்வோர் அனைவரின் விஷயமுமாகும்.

1918-ஆம் வருஷத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த இன்புளூயன்ஸா நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1921-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், பத்து வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவின் ஜனத்தொகை குறைந்து காணப்பட்டது. மாண்டவர்களின் தொகையைப் பற்றி இன்றும் அறிஞர்கள் ஆராய்கிறார்கள். பிழைத்து நலிந்தவர்களைப் பற்றிப் பேசுவோர் அரிது. அன்று நம்மை ஆண்டவர் அந்நியர். இன்று ஆள்வோர் நம் வாக்கினால் அமர்ந்தவர்கள். அன்றைய மௌனத்துக்கு இருந்த சமாதானம் இன்றைய மௌனத்துக்கு இல்லை.

இங்கே சிலர் ஆட்சேபம் கூறக்கூடும். எந்த ஜுரத்துக்குப் பின்னும் அசதி இருப்பது இயற்கை. நாளானால் தானே தீரும் என்பார்கள். பலருக்குத் தீருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஊஹான் நகரில் முன்பு உத்தியோகத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் இரண்டு வருஷத்துக்குள் பழைய வேலைக்குத் திரும்பியதாகவும் தெரிகிறது. ஆனால், தானே தீருவது யாருக்கு, தீராதது யாருக்கு என்பதைச் சோதித்தாலன்றி அறிவதெப்படி? மூன்று மாதமாகியும் நீங்காத மூச்சு முட்டலுக்கு நுரையீரல் தழும்பு காரணமாயிருக்கலாம். இரத்தம் உறைதலோ, இருதயத் தளர்ச்சியோ, காசநோயோ காரணமாயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எல்லாவற்றையும் ‘அசதி’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவது வைத்தியமாகாது.

இன்னும் சிலர், கோடிக்கணக்கான ஜனங்களை வீடு தேடிச் சென்று பார்க்க சர்க்காரிடம் பணமேது, ஆள் ஏது என்று கேட்பார்கள். இதற்கு விடை சென்னப்பட்டணத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் வருஷத்தில் சென்னையில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் குடிசையிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு இடமும் நெருக்கடி, ஆகாரமும் குறைவு. அப்படியிருந்தும் ஊழியர்கள் முறையாகச் சென்று கவனித்ததால் அவர்களும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஏழையின் வீட்டிலேயே வைத்தியம் நடத்தலாம் என்று உலகுக்குக் கற்பித்த நாடு நம்முடையது. கற்பித்த பாடத்தை நாமே மறக்கலாமா?

புதிய இலாகா எதையும் ஏற்படுத்தும்படி நாம் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதும், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அதன் நோக்கங்கள். காசநோய்க்காரரின் ஆகாரத்துக்காக மத்திய சர்க்கார் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அளிக்க ஏற்பாடு செய்தது. பிரசவித்த தாய்க்கு உதவும் திட்டம் புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கடமை முடிவதில்லை என்ற தத்துவத்தை நம் சர்க்கார்கள் இவ்வாறு மூன்று இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நான்காவது இடத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதே நம் வழக்கு.

செய்யவேண்டியவை எளியவை. கடும் சுவாச நோயினால் பிராணவாயு பெற்று டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் பெயரையும் அவரது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆஸ்பத்திரியே தெரிவிக்க வேண்டும். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகிய தவணைகளில் சுகாதார ஊழியர் அவரைச் சென்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் மாட்டும் சிறு கருவியோடு ஆறு நிமிஷம் நடக்கவைத்தால், பிராணவாயு அளவு இறங்குகிறதா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். எடை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இவற்றைப் பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். தூக்கம், பயம், மறதி இவற்றைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டாலன்றி நம் ஜனங்கள் சொல்லமாட்டார்கள். குறைபாடு கண்டவர்களை மட்டும் தஞ்சைக்கோ புதுக்கோட்டைக்கோ அனுப்பினால் போதும்.

பயிற்சியினால் பலன் உண்டா என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்து மூன்று மாதத்துக்கு மேலாகியும் உபாதை தீராத 585 பேருக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எட்டு வாரம் தேகப் பயிற்சியும் மனத்தைத் தேற்றும் உபதேசமும் இன்டர்நெட் மூலம் அளித்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் அவர்களது வாழ்க்கை நிலை மற்றவர்களைவிடச் சற்று மேம்பட்டிருந்ததாக 2024-இல் அறிவித்தனர். ஆனால் ஓர் எச்சரிக்கை: சிறிது வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் விழுகிறவர்களை ‘நட, நட’ என்று விரட்டுவது அபாயம். அவரவர் சக்திக்குள் வேலையைப் பிரித்து, இடையிடையே இளைப்பாறி, மெல்ல மெல்லக் கூட்டுவதே முறை. உருகிய தசை மீள்வதற்குப் புஷ்டியான ஆகாரம் வேண்டும். நிலக்கடலை விளையும் ஊரில் நோயாளியின் வீட்டில் நிலக்கடலை இல்லாமலிருப்பது வெட்கக்கேடு. அதனோடு பருப்பும் முட்டையும் சேர்ந்தால் போதும். டப்பாக்களில் விற்கும் விலையுயர்ந்த சத்துமாவு தேவையில்லை.

நெஞ்சு வலி, ஓய்விலும் தீராத மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மயக்கம், முகத்தின் ஒரு பக்கத்தில் வலியோடு பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் தவணைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதனைத் தேநீர்க் கடைச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் தமிழில் எழுதிவைப்பதற்குச் சட்டமும் வேண்டா, நிதியும் வேண்டா.

நம் பத்திரிகையைப் படிக்கும் தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் உச்சத்தில் இருந்தபோது பிராணவாயு உருளை தேடி இரவெல்லாம் அலைந்த வாலிபர்கள் எத்தனையோ பேர். சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும், உறவினரும் அஞ்சிய பிரேதங்களை அடக்கம் செய்தவர்களும் உண்டு. அத்தொண்டு பாதியில் நிற்கிறது. அன்று நீங்கள் காப்பாற்றியவர் இன்று எப்படி இருக்கிறார் என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரியுங்கள். மூச்சு வாங்கினால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இலேசான வேலை கொடுக்கும்படி மேஸ்திரியிடம் பேசுங்கள். அவர் சோம்பேறியல்ல என்று ஊருக்குச் சொல்லுங்கள். கிராமசபை கூடும்போது, டிஸ்சார்ஜ் ஆனவர்களின் ஜாபிதா ஒன்று தயாரிக்கவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கந்தர்வக்கோட்டை தாலுகாவில் ஒரு பஞ்சாயத்து தொடங்கினால், ஜில்லா முழுவதும் பின்பற்றுவதற்கு அதிக காலம் ஆகாது.

மண்வெட்டி பிடித்த கை மறுபடி மண்வெட்டி பிடிக்கும் வரையில், அல்லது பிடிக்க இயலாதென்று வைத்தியர் கண்டு அக்குடும்பத்துக்கு வேறு வழி செய்யும் வரையில், அம்மனிதரைக் குணமடைந்தோர் கணக்கில் எழுதுவதற்கு சர்க்காருக்கு அதிகாரமில்லை என்பது நமது துணிபு.